காயலாங்கடைக்குப் போகுமுன் கொஞ்சம் வரலாறு

சென்ற மாதக் கூட்டத்தின் கடைசி அஜெண்டா உங்களில் பலருக்கு நினைவிருக்காது. மணி ஒன்பதாகி, பாதிப் பேர் எழுந்து போன பிறகு வந்த விஷயம் அது. சங்க அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஒன்று, வீடுகளிலிருந்து வேண்டாமென்று கீழ்த்தளத்தில் கொண்டுவந்து வைத்தவை ஆறு, ஆக ஏழையும் காயலாங்கடைக்குக் கொடுத்துவிடலாம். அலுவலகத்துக்குப் புதிதாக ஒன்று மெயின்டெனன்ஸ் கணக்கிலிருந்து வாங்கலாம். இதுதான் தீர்மானம். அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

தீர்மானம் கொண்டுவந்தவர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் 2026 அக்டோபரில் முடிகிறது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி மெமரி, ஓரளவு புதிய பிராசசர் எல்லாம் வேண்டும். நம் ஏழில் ஒன்றுகூட அந்தத் தேர்வில் பாஸாகாது. பாதுகாப்புத் திருத்தம் வராத மெஷினில் நெட்பேங்கிங் செய்யாதீர்கள் என்று, 37 வருஷம் வங்கியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நானே உங்களுக்குச் சொல்வேன்.

ஆனால் விண்டோஸுக்கு வயதாகிவிட்டது என்பதும் மெஷினுக்கு வயதாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. நான் பி.காம். படித்தவன், எனக்கு இது தேய்மானக் கணக்காகத்தான் புரிகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், இரண்டாம் அட்டவணையில், மேசைக் கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் 3 ஆண்டு ஆயுள் எழுதியிருக்கிறது. வருமான வரிக்காரர்கள் ஆண்டுக்கு 40 சதவீதம் கழிக்க விடுகிறார்கள். 40,000 ரூபாய் மெஷின் முதல் ஆண்டு முடிவில் 24,000, அடுத்து 14,400, மூன்றாம் ஆண்டு முடிவில் 8,640. ஏட்டில் மதிப்பு கரைந்துவிட்டது என்பதற்காகப் பொருள் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. அப்படிப் பார்த்தால் வைசியாள் வீதி வீடுகள் எல்லாவற்றையும் இடித்துக் கல்லை விற்றிருக்க வேண்டும்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, கம்ப்யூட்டர் கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். காயலாங்கடைக்காரர் பாவம், தாமிரத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொளுத்துவார். அந்தப் புகை எந்தப் பக்கம் வீசும் என்று அவருக்கே தெரியாது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

நான் சொல்லப்போகும் லினக்ஸின் மூதாதை யூனிக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் அதை எழுதத் தொடங்கியபோது, கையில் கிடைத்தது பிடிபி-7 என்ற மெஷின். அப்போதே பழசு, யாரும் அதிகம் தொடாமல் கிடந்தது. பெரிய மெஷின் கேட்டுக் கிடைக்காமல், கிடந்ததை எடுத்து வேலை செய்தார். டென்னிஸ் ரிட்சி கூடச் சேர்ந்தார். ஒதுக்கி வைத்த பெட்டியில் பிறந்தது அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த யூனிக்ஸ் நம் ஊர் வங்கிகளுக்கு எப்படி வந்தது என்பது நான் கண்ணால் பார்த்த கதை. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் வங்கிகளை இயந்திரமயமாக்க அறிக்கை கொடுத்தது. கிளைகளுக்கு ஏஎல்பிஎம் வந்தன. அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின். வேலை போய்விடும் என்று யூனியன்கள் எதிர்த்தன. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று மெதுவாகத்தான் நடந்தது. பல கிளைகளில் அந்த மெஷின்களுக்குள் ஓடியது யூனிக்ஸ் வகைதான். எங்கள் கிளையில் ஒரு பெட்டி, நான்கு டெர்மினல், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதிலிருந்த மெமரி இன்றைய செல்போன் போட்டோ ஒன்றிரண்டுக்குத்தான் தாங்கும். அதை வைத்துக்கொண்டு சேமிப்புக் கணக்கு அத்தனைக்கும் அரையாண்டு வட்டி போட்டோம். ஆகவே, 4 ஜிபி மெமரி உள்ள மெஷினை 'யூஸ்லெஸ்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

யூனிக்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. அதைப் போல ஒன்றை, எவரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையோடு கட்ட வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு திட்டத்தை அறிவித்தார். கருவிகள் எல்லாம் வந்தன. நடுவில் வேண்டிய என்ஜின், அதாவது கர்னல், வரவில்லை. அதை 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஒரு ஃபின்லாந்து மாணவர் பொழுதுபோக்காகச் செய்வதாக அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 21 வயது. வீட்டிலிருந்த 386 கம்ப்யூட்டரில்தான் எழுதினார். இந்தியாவில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது 90களின் பின்பாதியில் பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான். இன்டர்நெட்டில் இறக்குவதென்றால் அந்தக் கால டயல்-அப் இணைப்பில் டெலிபோன் பில்லே மெஷின் விலைக்கு வந்துவிடும்.

இதற்கும் பாண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் ஆட்சியை ஒப்படைத்து, 1962 ஆகஸ்டில் சட்டப்படி கணக்குத் தீர்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப்போன தெருப் பெயர்களையும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியையும் நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவர்கள் நாட்டில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் நாம் கவனிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட நினைக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, பிரெஞ்சுக்காரர் ஒருவர் கைவேலையைத் தொடாமல் போக முடியாது.

லேசான டெஸ்க்டாப்புகளில் மிகப் பெயர் பெற்றது எக்ஸ்எஃப்சிஇ. 1996இல் அதைத் தொடங்கியவர் ஒலிவியே ஃபூர்தான், பிரெஞ்சுக்காரர். அதன் சின்னம் ஒரு சுண்டெலி. பொருத்தமான சின்னம்தான், சின்ன வயிறு, நிறைய ஓட்டம். 1998இல் கயேல் துவால் என்ற இளைஞர் 'மாண்ட்ரேக்' என்ற லினக்ஸை வெளியிட்டார். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாதவர்களும் மவுஸைப் பிடித்து நிறுவிக்கொள்ளலாம் என்ற நிலைக்கு லினக்ஸை இழுத்து வந்தவற்றில் அது முக்கியமானது. 2006இல் தொடங்கிய 'லினக்ஸ் மின்ட்'டின் கர்த்தா கிளெமான் லெஃபெவ்ரும் பிரெஞ்சுக்காரரே. அயர்லாந்தில் இருந்துகொண்டு நடத்துகிறார். நீங்கள் படம் பார்க்கப் போடும் விஎல்சி பிளேயர், அந்த ஆரஞ்சுக் கூம்பு, 1996இல் பாரிஸின் எக்கோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. 2001 பிப்ரவரியில் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள்.

தனி ஆட்களை விடுங்கள். பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவையில் 577 உறுப்பினர்கள். 2007இல் அவர்கள் மேசைகளுக்கு உபுண்டு லினக்ஸ் வந்தது. அதைவிடப் பெரிய கதை அவர்களுடைய 'ழாந்தார்மெரி', அதாவது கிராமப்புறங்களைக் காக்கும் ராணுவப் போலீஸ். அவர்கள் அவசரப்படவில்லை. 2005இல் முதலில் ஆபீஸ் தொகுப்பை மட்டும் ஓபன்ஆபீஸுக்கு மாற்றினார்கள். 2006இல் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். ஆட்கள் இவற்றுக்குப் பழகிய பிறகு, 2008இல்தான் அடியிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டுவை வைக்க ஆரம்பித்தார்கள். அப்போது வந்திருந்த விண்டோஸ் விஸ்டாவுக்குப் போனாலும் எல்லோருக்கும் புதிதாகப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சியை லினக்ஸுக்கே தரலாமே என்பது அவர்கள் போட்ட கணக்கு. இன்று அங்கே லினக்ஸில் ஓடும் மெஷின்கள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜெண்ட்பன்ட்டு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த வரிசைதான். மேலே இருக்கும் புரோகிராம்களை முதலில் மாற்று, கீழே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கடைசியில் மாற்று. வங்கியில் கோர் பேங்கிங் வந்தபோது இதைத் தலைகீழாகச் செய்து, ஒரு வாரம் கவுன்ட்டரில் வாடிக்கையாளர் வசவு வாங்கினோம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

'லேசான' லினக்ஸ் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் என்ஜினும் பாடியும் ஒன்றாக வரும். லினக்ஸில் கர்னல் தனி, டெஸ்க்டாப் தனி. ஒரே என்ஜினுக்கு ஆம்னி பஸ் பாடியும் கட்டலாம், ஷேர் ஆட்டோ பாடியும் கட்டலாம். மெஷின் பழசென்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற சின்ன பாடி. 2006இல் தைவானில் பிறந்த எல்எக்ஸ்டிஇ இன்னும் சின்னது. ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் 'நாப்பிக்ஸ்' கொண்டுவந்தார். சிடியைப் போட்டால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓடும். அதிலிருந்து கிளைத்த ஒன்று வெறும் 50 எம்பி. 2003இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் செய்த 'பப்பி லினக்ஸ்' முழுவதும் மெமரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க் செத்த மெஷினிலும் ஓடும். பேரன் பேத்திகளுக்கு அந்த நாய்க்குட்டிச் சின்னம் பிடிக்கும்.

நம் பக்கம் இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அலுவலகத்தையே சூஸே லினக்ஸுக்கு மாற்றினார். அப்போது பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது; பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் என்ற பழைய, நம்பகமான லினக்ஸின் மேல் கட்டியது. தமிழ் உள்பட இந்திய மொழிகளோடு வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் லேப்டாப் வாங்கத் திட்டமிட்டார்கள்; அவற்றில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன.

அதனால் என்ன ஆயிற்று? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நம்மைச் சுற்றி விழுப்புரமும் கடலூரும்தானே. அந்த லேப்டாப்புகள் சிலவற்றை நான் சொந்தக்காரர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாஸ் இருந்த பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கடைக்காரர் வந்த அன்றே அதை அழித்துவிட்டு வேறு போட்டுத் தந்துவிட்டார். கேரளத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடப்புத்தகத்தையும் தேர்வையும் லினக்ஸுக்கு மாற்றியது. இன்று அந்தத் திட்டம் 'கைட்' என்ற பெயரில் பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸே வைத்திருக்கிறது. கேரளப் பாடத்திட்டத்தில் படித்த நம் மாஹே பிள்ளைகளுக்கு நான் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது. பெட்டியைக் கொடுத்தால் போதாது, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் இரண்டு மாநிலத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் என்பது என் கணிப்பு.

அந்த ஆள் நம் ஊரில் இருக்கிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்று இளைஞர்கள் நடத்துகிறார்கள். ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே அவர்கள் வேலை. தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012இலிருந்து 'கணியம்' இதழ் இருக்கிறது. 2023இல் நம் பாதுகாப்பு அமைச்சகமே 'மாயா' என்ற பெயரில் உபுண்டு அடிப்படையிலான சிஸ்டத்துக்கு மாறத் தொடங்கியதும் செய்தியில் வந்தது.

இனி நம் ஏழு பெட்டிகள். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான்கில் 4 ஜிபி மெமரி, 64 பிட். இவற்றில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். அவர்கள் கேட்பதே குறைந்தது 2 ஜிபி, வசதிக்கு 4 ஜிபி. இரண்டில் 2 ஜிபி. எழுதப் படிக்க ஆகும், யூடியூபையும் பத்து டேபையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். பிரவுசர்தான் இன்று மெமரியைத் தின்கிறது. அதற்கு எந்த லினக்ஸும் மருந்து தர முடியாது. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் இந்த ஆறுமே வேறு மெஷினாகத் தெரியும். புதுக் கம்ப்யூட்டர் விலையில் அது சிறு பங்குதான்.

ஏழாவது 32 பிட், 1 ஜிபி. இதற்கு நான் வாதாட மாட்டேன். லினக்ஸும் சாகாவரம் பெற்றதல்ல. டோர்வால்ட்ஸ் எழுதிய அதே 386 சில்லுக்கான ஆதரவை கர்னல் 2012 கடைசியில் கைவிட்டது. பிறந்த தொட்டிலே அதற்கு இப்போது பற்றாது. உபுண்டு குடும்பம் 32 பிட்டை எப்போதோ விட்டது. டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் பழைய பிசிக்களில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. இன்னும் ஆதரிக்கும் சில சின்ன லினக்ஸ்கள் உண்டு, ஆனால் அதன் பின்னால் அலைவதைவிட ஏழாவதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துவிடலாம்.

அலுவலக மெஷின் விஷயம் தனி. நம் மெயின்டெனன்ஸ் கணக்கு டாலியில் இருக்கிறது. டாலி விண்டோஸுக்கென்று செய்தது. லினக்ஸில் குறுக்கு வழியில் ஓட்டலாம் என்பார்கள். சங்கப் பணத்தின் கணக்கைக் குறுக்கு வழியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே அலுவலகத்துக்குப் புது மெஷின் வேண்டும் என்ற பாதித் தீர்மானத்துக்கு என் ஓட்டு உண்டு. மற்ற ஆறை வாசிப்பு அறையில் வைக்க வேண்டும் என்பதுதான் என் திருத்தம். வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் பிள்ளைகள் நான்கு பேர் மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே செல்போனில் ஹோம்வொர்க் பார்ப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் லிப்ரேஆபீஸில் கட்டுரை அடிக்கட்டும், தமிழ்99 விசைப்பலகையில் பழகட்டும். பென்ஷன்காரர்கள் வருமான வரிப் படிவத்தைப் பிரவுசரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள், எதையும் அழிக்காமல் முயன்று பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் மின்ட்டை எழுதி, மெஷினை அதிலிருந்து தொடங்கினால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பிரிண்டரைக் கட்டாயம் பாருங்கள். சில மாடல்கள் லினக்ஸோடு ஒத்துப்போகாது. அதற்கும் முன்னால், ழாந்தார்மெரி வழியில், இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரேஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் போட்டு ஒரு மாதம் பழகுங்கள்.

பொதுக்குழுவுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலையும் நாலு மணிக்கு வாசிப்பு அறையில் இருப்பேன். பென்டிரைவ் காலியானதாக இருக்கட்டும்; எழுதும்போது அதிலிருப்பது அழிந்துவிடும். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதங்கள், ஜாதகங்கள் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனியாக எடுத்து வாருங்கள். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் புது மெஷினிலும் அவை கோழிக் கிறுக்கலாகத்தான் தெரியும்.